குடோனுக்கு மூட்டை நம்பர்தான் தெரியும்

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதில் தப்பே இல்லை. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் போய் நின்று ஒரே பெயரைச் சொன்னால் உள்ளே இருப்பவன் என்ன செய்வான் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வைத்திருக்கலாம். தைரியராஜ் யோசிக்கவில்லை. யோசிப்பது அவன் உத்தியோகத்தில் பாதி. மற்றப் பாதியைத்தான் அவன் சிறப்பாகச் செய்துவந்தான்.

கொள்ளிடப் பாலம் தாண்டி டோல்கேட் பக்கம் இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில் சர்வர் அறை அவன் பொறுப்பு. மூன்றாவது மாடி, நூலகத்துக்குப் பின்னால். ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புக் காகிதம் ஒட்டி, வெயில் உள்ளே வராமல் அடைத்திருந்தார்கள். ஒரு மூலையில் மட்டும் நகத்தால் சுரண்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டு வைத்திருந்தான் தைரியராஜ். அதில் கண்ணை வைத்தால் தென்னந்தலைகளுக்கு மேலே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரியும். அறைக்குள்ளே ஊட்டி, அறைக்கு வெளியே திருச்சி. சித்திரை மாதத்தில் மங்கி குல்லா போட்டுக்கொண்டு வேலை பார்க்கும் ஒரே திருச்சிக்காரன் தான்தான் என்று அவனே சொல்லிக்கொள்வான். அதைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. அவனும் நிறுத்தியதில்லை.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்று வீட்டில் கேட்டபோது, காந்தி மார்க்கெட்டை வைத்துத்தான் அவன் விளக்கினான். "மண்டிக்காரங்களுக்குக் கடை ஒரு இடத்துல, குடோன் ஒரு இடத்துல இருக்குல்லம்மா? அதே கதைதான்."

சர்வர் என்பது கடை. அந்த ஒரே கடைக்குள் தடுப்பு வைத்து இருபது சின்னக் கடைகள் நடக்கின்றன. வருகைப்பதிவுக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஆளுக்கொன்று. ஒவ்வொன்றும் தன்னை ஒரு முழுக் கம்ப்யூட்டர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. அதுகளிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. சரக்கு எதுவும் கடையில் கிடையாது. எதிர் வரிசையில் தனியாக நிற்கிற ஸ்டோரேஜ் பெட்டிதான் குடோன். நடுவில் ஒரு வயர். சின்னக் கடை "என்னுடைய டிஸ்க்கில் எழுது" என்று சொன்னால், சர்வர் வயர் வழியாகக் குடோனுக்குச் சொல்லி அனுப்பும்: இத்தனையாவது மூட்டையை எடு, இத்தனையாவது மூட்டையை வை. மூட்டைக்குள் வெங்காயமா வெல்லமா என்பது குடோனுக்குத் தெரியாது. அதற்கு மூட்டை நம்பர்தான் தெரியும்.

குடோன் வாசலில் காவல் உண்டு. வருகிற சர்வர் தன் பெயரைச் சொல்ல வேண்டும். சும்மா சின்னப் பெயர் இல்லை. வருஷம், மாதம், கம்பெனி எல்லாம் சேர்த்து, ஞானஸ்நானச் சான்றிதழ் மாதிரி நீளமான பெயர். பெயர் சரியாக இருந்தால் கதவு திறக்கும். முகத்தை எல்லாம் பார்ப்பதில்லை.

இனி அவன் செய்த காரியம்.

பழைய சர்வருக்கு வயதாகிவிட்டது. புதிதாக ஒன்று வந்து இறங்கியது. புதியதன் பெயரைக் குடோனில் சேர்க்க வேண்டுமென்றால், கம்ப்யூட்டர் சென்டர் தலைவர் பானுமதி மேடம் தன் பாஸ்வேர்டைப் போட வேண்டும். "மேடம், புது பேர் சேர்க்கணும்" என்று அவன் கேட்டான். "பாக்கலாம் தைரியம்" என்றார் அவர். மறுபடி கேட்டான். "பாக்கலாம்னேன்ல" என்றார். பானுமதி மேடம் கெட்டவர் இல்லை. ஆமாம், இல்லை என்ற இரண்டு சொற்களையும் அவர் பண்டிகைப் பட்டுப்புடவை மாதிரி மடித்து உள்ளே வைத்திருந்தார். தினசரி உபயோகத்துக்கு "பாக்கலாம்".

கேட்டுக் கேட்டு அலுத்த தைரியராஜுக்கு ஒரு யோசனை உதித்தது. பழைய சர்வரை நிறுத்திவிட்டு அதன் பெயரையே, ஒரு புள்ளி மாறாமல், புதிதுக்கு வைத்துவிட்டால்? குடோன் கேள்வி கேட்காமல் திறந்துவிடும். மேடத்தைத் தொந்தரவு செய்யவும் வேண்டாம். அவன் வீட்டு வழக்கமும் அதுதானே? அவன் பெயரே அப்பாவைப் பெற்ற தைரியராஜின் பெயர்தான். தாத்தாவின் பெயரோடு வர வேண்டிய குணம் மட்டும் எங்கோ வழியில் இறங்கிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழையதை அணைத்தான். கடைகளை எல்லாம் புதிதுக்கு மாற்றினான். பெயரை வைத்தான். எல்லாம் ஓடியது. அப்போதே பழையதன் பவர் கார்டையும் வயரையும் பிடுங்கி மூலையில் போட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. கை வரவில்லை. இத்தனை வருஷம் ராப்பகலாய் உழைத்த ஜீவன். விளக்கு அணைந்த உடனே உருவிப் போடுவதா? இருக்கட்டும், ஒரு வாரம் இப்படியே இருக்கட்டும் என்று தட்டிக்கொடுத்தான். ஒன்று மட்டும் செய்தான். ஓய்வு பெற்றவருக்கு யூபிஎஸ் எதற்கு என்று, அதன் இரண்டு பவர் கார்டுகளில் யூபிஎஸ்ஸில் இருந்ததை உருவிவிட்டு, சாதாரணச் சுவர் ப்ளக்கில் இருந்ததை மட்டும் விட்டுவைத்தான். யூபிஎஸ்ஸுக்குப் பாரம் குறையுமாம்.

திங்கட்கிழமை அந்தப் பகுதிக்கு இபியின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பேப்பரில் போட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. யூபிஎஸ்ஸில் இருந்தவை அசையவில்லை. கீழே ஜெனரேட்டர் இருமி இருமி எழுந்தது. சுவர் ப்ளக்குக்குக் கரண்ட் வந்தது. "கரண்ட் போய் வந்தால் நீயே எழுந்துகொள்" என்று பல வருஷங்களுக்கு முன் அதே பழைய சர்வருக்கு அதே தைரியராஜ் சொல்லி வைத்திருந்தான். அது நன்றியுள்ள ஜீவன். எழுந்தது. நேராகக் குடோன் வாசலுக்குப் போய்த் தன் பெயரைச் சொன்னது.

தைரியராஜ் அப்போது கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

போன் வந்தது. பானுமதி மேடம்.

"தைரியம், அட்டெண்டன்ஸ் வரலைங்கறாங்க."

"வரேன் மேடம்."

"வந்துடுச்சாம். வச்சிடறேன்."

பொங்கலில் மிளகை ஒதுக்குவதற்குள் மறுபடி போன்.

"போயிடுச்சாம்."

"மேடம், வருதா போகுதா?"

"வருது, போகுது. நான் ஒண்ணும் சொல்லலை. நீங்க வந்து பாருங்க."

மூன்று மாடி ஏறிக் குல்லாவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். திரையில் இருபது கடைகளும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. டிஸ்க் இருக்கிறது, டிஸ்க் இல்லை, இருக்கிறது, இல்லை. வயரைப் பிடுங்கிச் செருகினான். ஸ்விட்சைத் தட்டினான். மாதாவை வேண்டிக்கொண்டான். எதற்கும் பலன் இல்லை.

கதவு தட்டப்பட்டது. சம்ரீன் நின்றாள்.

சம்ரீன் ஆராய்ச்சி மாணவி. வாழை இலைதான் அவள் உலகம். கொள்ளிடக் கரையிலும் திருவெள்ளறைப் பக்கத்துத் தோட்டங்களிலும் மூன்று வருஷமாக ஸ்கூட்டியில் அலைந்து, புள்ளி விழுந்த இலைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். இலையின் படத்தைக் காட்டினால், நோய் முற்றுவதற்கு முன்பே என்ன நோய் என்று சொல்கிற மென்பொருள் ஒன்றை அவள் பழக்கி வைத்திருந்தாள். படங்களும் அந்த மென்பொருளும் இருந்தது இருபது கடைகளில் ஒன்றில். அன்று மத்தியானம் அவளுக்கு ரிவ்யூ. வெளியூரிலிருந்து பேராசிரியர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்டினால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க விடுவார்கள்.

"அண்ணா, என் மெஷின் நின்னு போச்சு. எழுதவே விடமாட்டேங்குது. படம்லாம் இருக்குல்ல?"

"இருக்கும் சம்ரீன். பாக்கலாம்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவன் காதிலேயே விழுந்தது. இத்தனை நாள் பானுமதி மேடத்தைக் கிண்டல் செய்தது வீண் போகவில்லை, வியாதி ஒட்டிக்கொண்டுவிட்டது.

"பேக்கப் இருக்குல்லண்ணா? எடுத்து வைக்கிறேன்னு சொன்னீங்களே."

சொன்னான். அவளுக்குப் புது மெஷின் கொடுத்தபோது சொன்னான். "அடுத்த வாரம் பேக்கப்ல சேர்த்துடறேன்" என்றான். அந்த அடுத்த வாரம் இன்னும் வந்து சேரவில்லை.

"அதையும் பாக்கறேன்" என்றான்.

அவள் அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். குளிரில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். திட்டுகிற ஆளாக இருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் சூடு பிறந்திருக்கும்.

ஸ்டோரேஜ் பெட்டி விற்ற கம்பெனிக்குப் போன் போட்டான். ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும், காத்திருக்கவும் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒரு மனுஷக் குரல் கிடைத்தது.

"குட் மார்னிங் சார், பெலிண்டா பேசறேன். உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது."

"புரிஞ்சா சந்தோஷம்ங்க. எனக்கே இன்னும் புரியல. டேட்டா இருக்கா, போச்சா? அதை மட்டும் முதல்ல சொல்லிடுங்க."

"நாங்க ஆய்வு பண்ணிட்டிருக்கோம் சார். இந்தக் கட்டத்துல எதையும் உறுதி செய்ய முடியாது சார்."

"ஒரு பேச்சுக்கு?"

"பேச்சுக்கும் உறுதி செய்ய முடியாது சார்."

சர்வீஸ் கம்பெனிகள் இதற்கென்று ஒரு பள்ளிக்கூடம் வைத்திருக்கின்றனவோ, அதில் பானுமதி மேடம்தான் ஹெட்மிஸ்ட்ரஸோ என்று அவனுக்குத் தோன்றியது.

பெலிண்டா தூரத்திலிருந்தே ஸ்டோரேஜ் பெட்டிக்குள் புகுந்து குடைந்தாள். கீபோர்டு சத்தம் கேட்டது. பிறகு அவள் குரலில் இருந்த சார்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

"உங்க சர்வர் உள்ள வருது. உடனே வெளிய போகுது. திரும்ப உள்ள. திரும்ப வெளிய. என்ன விளையாட்டு இது?"

"அதைத்தாங்க நானும் கேக்கறேன்."

"இருங்க. பேர் ஒண்ணுதான். ஆனா வர்ற அட்ரஸ் ரெண்டு. ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்து நிக்கறாங்க. அதே பேர்ல இன்னொரு ஆள் வந்தா, முதல்ல வந்தவர் செத்துட்டார்னு எடுத்துக்கும் ஸ்டோரேஜ். அவரை வெளிய தள்ளிட்டு இவரை உள்ள விடும். வெளிய போனவர் சும்மா இருப்பாரா? திரும்ப வந்து கதவைத் தட்டுறார். இப்ப இவரைத் தள்ளிட்டு அவரை விடுது. காலையிலேருந்து இதேதான் நடந்துட்டு இருக்கு."

தைரியராஜ் மெல்லத் திரும்பிப் பார்த்தான். ரேக்கின் அடித்தட்டில், வெள்ளிக்கிழமை அவன் தட்டிக்கொடுத்து உறங்க வைத்த பழைய சர்வர், பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உற்சாகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

"அய்யோ, தாத்தா" என்றான்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லைங்க. ஆள் கிடைச்சிட்டாரு."

குனிந்து பவர் கார்டைப் பிடுங்கினான். இந்த முறை கை வந்தது. நெட்வொர்க் வயரையும் உருவினான். பச்சை விளக்கு அணைந்தது.

"அந்தப் பழசு உள்ள வந்தப்ப கடை எதையாவது தானா திறந்து ஓட்டுச்சா?" என்று கேட்டாள் பெலிண்டா. கடை என்று சொல்லவில்லை, விஎம் என்றாள். அவன் மனதில் கடை என்றுதான் விழுந்தது, அப்புறம் அவள் சொன்னதெல்லாம் மூட்டையாகவே விழுந்தது.

"இல்லைங்க. வெள்ளிக்கிழமையே எல்லாத்தையும் காலி பண்ணிட்டேன்."

"அப்ப பெரிய கண்டம் தாண்டிட்டீங்க. ரெண்டு பேரும் ஒரே மூட்டையில கை வச்சிருந்தா இன்னிக்கு நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன். அது சரி, அணைச்சு வச்ச சர்வர் எப்படிங்க எழுந்துச்சு?"

"இன்னிக்கு எங்க ஏரியாவுல இபி ஷட்டவுன்ங்க. ஜெனரேட்டர் போட்டாங்க."

"எந்த ஏரியா?"

"டோல்கேட். திருச்சி."

"அட! நானும் திருச்சிதாங்க, கைலாசபுரம். அப்பா ஃபேக்டரியிலதான் இருந்தாரு. திங்கக்கிழமை ஷட்டவுன்னா டோல்கேட் பக்கம்தான், சரியாத்தான் சொல்றீங்க."

ஊர் ஒன்றான பிறகு காரியம் வேகமாக நடந்தது. "புதுசுக்கு வேற பேர் வச்சே ஆகணும்" என்றாள் பெலிண்டா. "பழசை என்னிக்காவது யாராவது ஆன் பண்ணுவாங்க. உங்க காலேஜ்லயே ஒரு நல்ல மனுஷன் இருப்பாரு, பாவம்னு ஆன் பண்ணிடுவாரு."

அந்த நல்ல மனுஷனை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பானுமதி மேடத்தை அழைத்தான். மூன்று மாடி ஏறி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சம்ரீனைப் பார்த்தார். பாஸ்வேர்டு வேண்டும் என்று அவன் சொன்னதும் அவர் உதடு "பா" என்று குவிந்தது. சம்ரீன் தலைநிமிர்ந்து அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். குவிந்த உதடு மூடிக்கொண்டது. பேசாமல் உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டினார்.

"என்ன பேர் வைக்கப் போறீங்க?"

அங்கேதான் அவனுக்குத் தன் அம்மா இருதயமேரியின் சாமர்த்தியம் கைகொடுத்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பிள்ளைக்கோ அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு தைரியராஜ். "டேய் தைரியராஜ், சோத்தைத் தின்னுடா" என்று பிள்ளையை அதட்டினால் மாமனார் திரும்பிப் பார்ப்பார். அதனால் அம்மா முதல் நாளிலிருந்தே அவனை வேறு பெயரில்தான் கூப்பிட்டாள். சான்றிதழில் தாத்தா பெயர், சமையலறையில் இன்னொரு பெயர். வீட்டில் யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை.

நீளமான பெயரின் முன்பாதியை விதிப்படி விட்டுவிட்டு, கடைசியில் மட்டும் தட்டினான்: பாபு.

"பாபுவா?" என்றார் பானுமதி மேடம். "யாரு பாபு?"

"நான்தான் மேடம்."

சம்ரீன் சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல், துப்பட்டாவுக்குள் கொஞ்சம் சிரித்தாள். அவ்வளவு போதும் என்று இருந்தது அவனுக்கு.

பாபு குடோன் வாசலில் போய் நின்று பெயரைச் சொன்னான். கதவு திறந்தது. திறந்தபடியே இருந்தது. கடைகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. வருகைப்பதிவு வந்தது, நூலகம் வந்தது. சம்ரீனுடையது மட்டும் வரவில்லை. அது எழுந்து, தன் டிஸ்க்கைப் பார்த்து, ஏதோ கோளாறு, முழுக்கச் சரிபார்க்கிறேன் என்று சொல்லி, வரிவரியாகத் திரையில் எழுதிக்கொண்டே போனது.

"பெலிண்டா, ஸ்டோரேஜ்ல எல்லாம் சரியா இருக்கா?"

"பச்சைதாங்க. எல்லா மூட்டையும் வச்ச இடத்துல இருக்கு."

"அப்ப டேட்டா இருக்கு?"

"மூட்டை இருக்குங்க."

"மூட்டைக்குள்ள?"

போனில் பெருமூச்சு கேட்டது. "ஊர்க்காரர்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். எனக்கு மூட்டை நம்பர்தாங்க தெரியும். உள்ள இருக்கறது வெங்காயமா, அழுகின வெங்காயமான்னு ஸ்டோரேஜுக்கும் தெரியாது, உங்க சர்வருக்கும் தெரியாது. சரக்கோட சொந்தக்காரங்கதான் பிரிச்சுப் பாத்து சொல்லணும். காலையில கதவு ஆடிட்டிருந்தப்ப அந்த மெஷின் எதையாவது எழுதிட்டிருந்துச்சா?"

தைரியராஜ் சம்ரீனைப் பார்த்தான்.

"காலையில ஏதாவது ஏத்துனீங்களா?"

"ஆமாண்ணா. போன வாரம் திருவெள்ளறையில எடுத்தது. மொத்தமும் காலையிலதான் காப்பி போட்டேன். முடிஞ்சதுன்னு வந்துச்சு."

"கேமரா கார்டுல இருக்குல்ல?"

"முடிஞ்சதுன்னு வந்துச்சே. அழிச்சிட்டேன்."

அறைக்குள் ஏற்கெனவே குளிர்தான். அது இன்னும் ஒரு படி இறங்கியது. முடிந்தது என்று மெஷின் சொல்வதற்கும் உண்மையிலேயே முடிவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. சரக்கை வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆச்சு, போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிடும். குடோனுக்கு அப்புறம்தான் அனுப்பும். அந்த அப்புறத்தில்தான் இன்று தாத்தா எழுந்து வந்தார். இது தைரியராஜுக்குத் தெரியும். சம்ரீனுக்குத் தெரியாது.

"ஏண்ணா, அதுக்கு என்ன?" என்றாள்.

பார்க்கலாம் என்று சொல்லிவிடலாம். நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. மத்தியானம் வரை தாங்கும். பானுமதி மேடம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரசிகையின் ஆர்வத்தோடு பார்ப்பது போலிருந்தது.

"சம்ரீன், பழசு அத்தனையும் இருக்கும்னு நினைக்கறேன். நினைக்கறேன்தான், தெரியாது. காலையில ஏத்துனது போயிருக்கலாம். பேக்கப் இல்லை. சேர்க்கறேன்னு சொல்லிட்டு நான் சேர்க்கலை. ரெண்டு சர்வருக்கும் ஒரே பேர் வச்சதும் நான்தான். கரண்ட் மேலயோ கம்பெனி மேலயோ தப்பு இல்லை."

போனில் பெலிண்டா ஒரு முறை இருமினாள். பானுமதி மேடம், "நானும் அந்தப் பாஸ்வேர்டை..." என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் ஜன்னல் ஓட்டை வழியாகக் கோபுரத்தைப் பார்க்கப் போய்விட்டார். அவர் அளவில் அதுவே பெரிய வாக்குமூலம்.

சம்ரீன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"கோபமா?" என்றான் தைரியராஜ்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணா."

அதைச் சொன்ன விதத்தில், மேடத்தின் பாக்கலாமே தேவலை என்று ஆகிவிட்டது.

சாப்பாட்டு நேரம் போனது. யாரும் சாப்பிடவில்லை. சரிபார்ப்பு முடிந்து, ஊர் பேர் தெரியாத துண்டுகள் சிலவற்றைத் தனியாக ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு சம்ரீனின் மெஷின் எழுந்தது. எத்தனை துண்டு, யாருடையது என்று அது சொல்லவில்லை. பிரித்துப் பார்க்க நேரமும் இல்லை. கீழே கார் வந்து நிற்கிற சத்தம். பேராசிரியர்கள்.

"அங்கேயே போய்த் திறந்துக்கறேன்" என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள் சம்ரீன். வாழைக்கறை படிந்த விரல்கள் படிக்கட்டின் கைப்பிடியை அழுத்திப் பிடித்திருந்ததை அவன் மேலிருந்து பார்த்தான்.

செமினார் ஹால் வாசலில் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான். குல்லாவைக் கழற்ற மறந்திருந்தான். போகிற வருகிற பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போனார்கள். கதவுக்குப் பின்னால் குரல்கள் கேட்டன, சொற்கள் கேட்கவில்லை. ஒரு முறை எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த மௌனத்தில் அவன் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டான். சம்ரீனின் சார்பில் தர்காவுக்கும் ஏதாவது நேர்ந்துகொள்ளலாமா, அதற்குத் தனக்கு அனுமதி உண்டா என்று யோசித்தான். இன்னொருவர் பெயரைச் சொல்லி உள்ளே நுழைகிற வேலை இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் போனைக் காதில் வைத்தபடி வெளியே வந்தார். போனை மூடினதும் இவன் எழுந்து நின்றான்.

"சார், எப்படி போகுது சார்?"

அவர் குல்லாவைப் பார்த்தார். "இன்ட்ரஸ்டிங்" என்றார். குல்லாவையா ஆராய்ச்சியையா என்று தெளிவாகாமலே உள்ளே போய்விட்டார்.

அடுத்து பானுமதி மேடம் காபி சொல்ல வெளியே வந்தார்.

"மேடம், படம்லாம் வருதா?"

"வர்ற மாதிரிதான் இருக்கு."

"வருதா, வர்ற மாதிரி இருக்கா?"

"தைரியம், தூரத்துல உக்காந்திருக்கேன். எனக்கு எல்லா இலையும் ஒரே மாதிரிதான் தெரியுது. நான் ஒண்ணும் சொல்லலை." ரெண்டடி போனவர் திரும்பி வந்தார். "நீங்க மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"நானும் இல்லை. ஏதாவது சொல்லி வைக்கறேன்" என்றார். அது பாக்கலாம் இல்லை என்பதைக் கவனித்துக்கொண்டான்.

போன் அதிர்ந்தது. பெலிண்டா செய்தி அனுப்பியிருந்தாள். கேஸை மூடிவிடலாமா, தங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கம்பெனியின் வாசகம். அதற்குக் கீழே அவளே தட்டியது: "அந்தப் பொண்ணு படம் கிடைச்சுதா? அது தெரியாம எனக்குச் சாப்பாடு இறங்கல." எத்தனை பேரைப் பட்டினி போட்டிருக்கிறோம் என்று அவன் ஒரு கணக்குப் போடத் தொடங்கி, வேண்டாம் என்று நிறுத்தினான். "இன்னும் தெரியலைங்க" என்று பதில் அனுப்பினான்.

உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன. கதவு திறந்து பேராசிரியர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். ஒருவர் இன்னொருவரிடம் மலைக்கோட்டைக்கு எத்தனை மணிக்குப் போனால் வெயில் குறைவாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டு போனார். அந்த முகங்களிலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. பேராசிரியர்களும் குடோன் மாதிரிதான். வெளியே எப்போதும் பச்சை விளக்கு.

சம்ரீன் வரவில்லை. அவன் எட்டிப் பார்த்தான். காலியான ஹாலில் திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் இலைகள் வந்து வந்து போயின. பச்சை, மஞ்சள், விளிம்பு கருகியது, நடுவில் புள்ளி விழுந்தது. அவள் எதையும் தாண்டவில்லை. அவனைக் கூப்பிடவும் இல்லை. அவன் உள்ளே போகாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெனரேட்டர் நின்று கரண்ட் திரும்பி வந்தது. விளக்குகள் ஒரு முறை கண் சிமிட்டின. திரை அசையவில்லை.

கடைசியில் அவள் லேப்டாப்பை மூடினாள். பையில் வைத்தாள். வாசலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது, திரையைப் பார்த்ததாலா வேறு எதனாலா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ரிவ்யூ?" என்றான்.

"ஓட்டிக் காட்டினேன். சமர்ப்பிக்கச் சொல்லிட்டாங்க."

"படம்? எல்லாம் இருக்கா?"

சம்ரீன் ஒரு நிமிஷம் பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டாள். சேச்சே என்று சொல்லப்போகிறாள், அல்லது பார்க்கலாம் என்பாள் என்று அவன் தயாராக நின்றான். அவள் நேராக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"திருவெள்ளறை போச்சுண்ணா. போன வாரம் எடுத்தது மொத்தமும். பாதி திறக்கவே மாட்டேங்குது, மீதி திறந்தா சாம்பல் கலர்ல பட்டை பட்டையா நிக்குது. மறுபடி போய்த்தான் எடுக்கணும். மத்தது எல்லாம் இருக்கு, ஒண்ணு விடாம பாத்துட்டேன். அப்புறம், ஆமா, உங்க மேல கோபமாத்தான் இருக்கேன்."